காட்டு விகாரையின் வாசலில்

தான் நம்பாத சமயமொன்றின் வழிபாட்டிடத்துள் நுழையும் மனிதன் வாசலிலே பாதணியைக் கழற்றுகின்றான், தொப்பியை எடுக்கின்றான், குரலைத் தாழ்த்துகின்றான். இச்செயல்களுக்கு அவன் தன் மனச்சாட்சியிடம் கூறக்கூடிய நியாயம் யாது? முற்போக்கு எண்ணங் கொண்டோர் இவ்வினாவை அற்பமானதென்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அயலார் வீட்டுக்குப் போனால் விறாந்தையிற் செருப்பை விடுவதில்லையா, இதுவும் அதைப் போன்றதே என்று ஒரு சாரார் கூறுவர். நம்பிக்கை இல்லாத இடத்திலே பணிவு காட்டுவது போலித்தனம். அது வீட்டுக்காரனையும் ஏமாற்றுவது, தன்னையும் ஏமாற்றுவது என்று கடுமையான பகுத்தறிவாளர் கூறுவர். இரண்டும் நேர்மையான விடைகளே. எனினும், இலங்கையிலே பௌத்த விகாரையொன்றின் வாசலில் நிற்கும் தமிழனுக்கு இவை போதா. அவன் முன்னாலிருப்பது ஒரு சமயத்தின் வழிபாட்டிடம் மாத்திரமன்று. அரசியலமைப்பினால் முதன்மைத் தானம் அளிக்கப்பட்ட சமயத்தின் சின்னமுமாகும். தான் குனிவது எதன் முன்னால் என்ற ஐயம் அவனுக்கு எழாமலிருத்தல் இயலாது.

இவ்வினாவை ஆராய்வதற்குக் காட்டு விகாரையே தக்க இடம் என்று நான் கருதுகின்றேன். கண்டித் தலதா மாளிகையிலோ களனியிலோ எமது நடத்தையை நாம் தீர்மானிப்பதில்லை, வரிசை தீர்மானிக்கின்றது. காவலர் சோதிக்கின்றனர், பூ விற்போர் அழைக்கின்றனர், முன்னால் நிற்பவர் செய்வதையே பின்னால் நிற்பவரும் செய்கின்றார். ஆரணியத்திலே இவையொன்றும் இல்லை. பார்ப்பதற்கென்றும் அங்கே அதிகமில்லை: மரங்களுக்கிடையே தள்ளித் தள்ளி அமைந்த சிறு குடில்கள், கூட்டிப் பெருக்கிய மணற்பாதை, அப்பாதையிலே நிலம் நோக்கிய பார்வையோடு நடக்கும் பிக்கு ஒருவர். எம்மை எவரும் கவனிப்பதில்லை. ஆதலால் அங்கு நாம் செய்வது பெரும்பாலும் நாமாகச் செய்வதே.

பௌத்த சங்கத்திலே ஊர்வாசிகள், வனவாசிகள் என்ற பிரிவு மிகப் பழையது. நூல்களைக் கற்பதும் கற்பிப்பதும் ஒரு சாராரின் பொறுப்பு. தியானம் மறு சாராரின் பொறுப்பு. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே பெரும் பஞ்சமொன்றின் பின்னர், சாசனத்துக்கு அடிப்படை கல்வியா, பயிற்சியா என்று பிக்குகளிடையே விவாதம் நடந்ததென்றும் கல்வியே அடிப்படையென முடிவாயிற்றென்றும் பாளி உரைநூல்கள் கூறுகின்றன. வல்பொல ராகுல தேரர் இலங்கைப் பௌத்த வரலாறு பற்றி 1956இல் வெளியிட்ட நூலிலே இதனை எடுத்துக் காட்டியுள்ளார். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அம்முடிவு உவப்பானதே. ஆயினும் வென்ற சாராரின் கையிலேதான் பின்னர் வயலும் குளமும் ஊரும் சேர்ந்தன என்பதனையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். மிகிந்தலையிலே நான்காம் மகிந்தன் 10ஆம் நூற்றாண்டில் நாட்டிய கற்பலகைகளை வாசிப்போர், ஒரு பெருமடத்தின் கணக்கேட்டை வாசிப்பதாகவே உணர்வர். மடத்து வேலையாட்களுக்குரிய கொடுப்பனவுகளும் நிருவாக விதிகளும் அவற்றிலே வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நிருவாணம் தேடிய இடத்துக்கு நிருவாகம் தேவையாயிற்று!

இச்செல்வ வாழ்வை வெறுத்து விலகியோரின் இடமே ரிட்டிகல. ஹபரணையிலிருந்து மரதன்கடவலைக்குச் செல்லும் வீதியை விட்டு விலகிக் காட்டுக்குள்ளே சென்றால், உலர்வலயச் சமவெளியிலிருந்து திடீரென எழும் அம்மலையின் அடிவாரத்தை அடையலாம். உச்சி 766 மீற்றர் உயரமுடையது. 1941 முதல் அது கடும் பாதுகாப்புக்குட்பட்ட இயற்கை ஒதுக்கிடமாகும். மலைக்குகைகளிலே கிறித்துவுக்கு முற்பட்ட பிராமிச் சாசனங்கள் உள்ளன. 9ஆம் நூற்றாண்டில் முதலாம் சேனன் பாம்சுகூலிகப் பிக்குகளுக்கு அங்கே மடம் அமைத்துக் கொடுத்தான் எனச் சூளவமிசம் கூறும். பாம்சுகூலிகர் என்போர் குப்பையிலும் சுடுகாட்டிலும் வீசப்பட்ட கந்தைகளைப் பொறுக்கித் தைத்து உடுப்பதை விரதமாகக் கொண்டவர்கள்.

அங்குள்ள இடிபாடுகளிடையே நடப்பவர் முதலில் ஒரு குறையை உணர்வர். தாதுகோபம் இல்லை, சிலையில்லம் இல்லை, போதிமர மேடை இல்லை. சந்திரவட்டக்கல்லும் காவற்கல்லும் தேடினாற் கிடையா. இருப்பவை நீண்ட கற்பாதை, பெருங்கற்களால் அணைகட்டிய குளம், இரண்டிரண்டாக அமைந்து கற்பாலத்தால் இணைக்கப்பட்ட மேடைகள் ஆகியவையே. செதுக்கலற்ற கல், அளவு தவறாத கல். வணங்குவதற்கு ஒன்றும் இல்லாத வழிபாட்டிடம் என்று அதனைக் கூறலாம். இத்தகைய தியான மடங்களிலே, சிறப்பாக அநுராதபுரத்தின் மேற்குப்புறத்தில் உள்ளவற்றிலே, அலங்காரம் முழுவதும் ஓரிடத்திலேயே ஒதுங்கிக் கிடக்கின்றது. அது சிறுநீர் கழிக்கும் கல். மாளிகை முகப்புகளும் நுண்ணிய வேலைப்பாடுகளும் அக்கல்லிலே செதுக்கப்பட்டுள்ளன. செல்வ மடங்களின் ஆடம்பரத்தின் மீது இவ்வேழைப் பிக்குகள் நாள்தோறும் தெரிவித்த அபிப்பிராயம் அது என அறிஞர் சிலர் கருதுவர். மாணவர்களை அங்கு அழைத்துச் சென்று இதனைக் கூறினால் அவர்கள் சிரிப்பர். சிரிக்கட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, தமது சமயத்தின் செல்வத்தைத் தமது சமயத்தவரே இவ்வாறு இகழ முடிந்திருக்கின்றது. அவ்வுண்மை அச்சிரிப்புடனேயே அவர்கள் மனத்திற் பதியும்.

எனினும் காடு தூயது, ஊர் மாசுற்றது என்ற எளிய முடிபுக்கு நாம் வந்துவிடலாகாது. அவ்வாறு எண்ணும் பயணிகள் பலர் இக்காலத்திலே உலகெங்குமிருந்து ஆரணியங்களைத் தேடி வருகின்றனர். அமைதியை ஒரு சரக்காக வாங்கிச் செல்கின்றனர். வரலாறு அவ்வளவு எளிதன்று. துறந்தவரின் தூய்மை எப்பொழுதும் ஆள்வோருக்குத் தேவையான பொருளாகவே இருந்து வந்திருக்கின்றது. ரிட்டிகல மடத்தைக் கட்டுவித்தவனும் அரசனே அல்லனோ? 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு பிளவுண்ட சங்கத்தை ஒன்றாக்கித் தனது ஆணைக்குள் கொணர விரும்பியபோது, அதற்குத் தலைமை தாங்க அவன் அழைத்தது திம்புலாகலைக் காட்டு மடத்தின் மகாகாசியப தேரரையே. அன்று வகுக்கப்பட்ட ஒழுக்க விதிகள் பொலநறுவைக் கல்விகாரையின் பாறையிலே இன்றும் உள்ளன. அதே திம்புலாகலையிலே, இருபதாம் நூற்றாண்டில் பாழடைந்த ஆரணியத்தைப் புதுப்பித்தவர் கித்தலகம சீலாலங்கார தேரர். 1983இல் மாதுறு ஓயாப் பகுதிக்குச் சிங்களக் குடியேறிகளைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றவரும் அவரே. 1995இல் அவர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டார். துறவும் நிலமும் படுகொலையும் ஒரே குன்றின் வரலாற்றிலே பின்னிக் கிடக்கின்றன. இதனை அறிந்தபின், ஆரணியத்தின் மௌனம் அரசியலற்ற மௌனம் என்று எவரும் கூறல் இயலாது.

இன்று உயிரோடிருக்கும் ஆரணியங்களை நோக்குவோம். குருநாகல் மாவட்டத்து அரன்கலையிலே பழைய மடத்தின் இடிபாடுகளும் இப்பொழுது பிக்குகள் வாழும் ஆரணியமும் அருகருகே உள்ளன. நீண்டு நேராகச் செல்லும் கற்பாதையில் நடந்து வருபவர், இடிபாடு முடிந்து மடம் தொடங்கும் இடத்தைச் சட்டென உணர்வதில்லை. வனவாசி மரபுக்கு 1951இல் புத்துயிரளித்த அமைப்பு கல்துவையைத் தலைமையிடமாகக் கொண்டது. மித்திரிகலையிலே நிஸ்ஸரண வனம் 1968இல் தோன்றியது. அதனை நிறுவியவர் அசோக வீரரத்ன என்னும் வணிகர். பின்னர் அவரும் துறவு பூண்டார்.

இவ்விடங்களிலே வாழ்க்கை சோற்றினால் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கின்றது என்று கூறினால் அது குறும்பாகத் தோன்றலாம், உண்மை அதுவே. பிக்கு சமைக்கலாகாது; சேமிக்கலாகாது; நண்பகலுக்குப் பின் உண்ணலாகாது. ஆகவே ஒவ்வொரு நாளும் நண்பகலுக்கு முன்னர் யாரோ ஒருவர் உணவு கொண்டு வருதல் வேண்டும். அயற் கிராமத்துக் குடும்பங்கள் முறைவைத்துத் தானம் கொண்டு வருகின்றன. வயல் வேலையும் கூலி வேலையும் செய்யும் பெண்கள் விடியுமுன் எழுந்து ஆக்கிய சோறும் கறியுமே அக்குடில்களின் மௌனத்தைத் தாங்கி நிற்கின்றன. உழைப்பின் உபரியில்லாமல் தத்துவம் இல்லை என்பதனை நாம் நூல்களிலே படிக்கின்றோம். இங்கே அது சட்டியில் மூடிக்கொண்டு வரப்படுகின்றது.

இதனைச் சுரண்டல் என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்வோர் உளர். நான் அவ்வளவு விரைந்து முடிவு கூறத் தயங்குகின்றேன். கொடுப்பவர் விருப்போடு கொடுக்கின்றனர்; பெறுபவர் ஒரு நாளுக்கு மேற்பட்டதைப் பெறுவதில்லை. நிலமானியத்தால் வாழ்ந்த பெருமடத்தோடு ஒப்பிடுமிடத்து இவ்வுறவிலே ஒரு சமத்துவம் உண்டு: கிராமம் கோபித்தால் மடம் பசிக்கும். அதே வேளையில், சோறு ஆக்கிய பெண்ணுக்கு அம்மடத்துக்குரிய துறவு வாழ்வு திறந்ததாயில்லை என்பதும் உண்மையே. இலங்கையின் பிக்குணிச் சங்கம் 11ஆம் நூற்றாண்டளவில் அழிந்தது. 1990களின் பிற்பகுதியிலே மீண்டும் பெண்கள் உபசம்பதை பெறத் தொடங்கியபோது மகாநாயக்கர்கள் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. விருந்தினராகச் செல்பவர் இவ்வினாக்களை வாசலிற் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட வேண்டியதில்லை.

இனி, மரியாதையைச் சட்டம் கேட்கும் இடத்துக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் அளித்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு தனது ஒன்பதாம் உறுப்புரையில் அதனைத் தொடர்ந்தது. அதன்பின் மரியாதை என்பது வருபவர் கொடுப்பது என்ற நிலையிலிருந்து அரசு அறவிடுவது என்ற நிலைக்குச் சிறிது சிறிதாக நகர்ந்தது. 2012இல், புத்தர் சிலையை முத்தமிடுவது போலப் படம் பிடித்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. 2014இல், கையிலே புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் கட்டுநாயக்காவிற் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2017இற் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கியது. அப்பெண் பௌத்தத்தின் மீது பற்றினாலேயே அவ்வுருவத்தைக் குத்தியிருந்தார் என்பது இவ்விவகாரத்தின் வேடிக்கை. வேடிக்கையற்றது 2019இல் நடந்தது. மடத்து வாழ்வைப் பற்றிச் சிறுகதை எழுதியமைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைது செய்யப்பட்டு நான்கு மாதங்கள் வரை மறியலில் வைக்கப்பட்டார். சிறுநீர்க் கல்லிலே மாளிகையைச் செதுக்கிய பிக்குவை யாரும் மறியலில் வைத்ததாகச் சாசனம் எதுவும் கூறவில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் இவ்வறவீடு வேறொரு வடிவம் எடுக்கின்றது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட சனாதிபதி செயலணியிலே பிக்குகளும் படையதிகாரிகளும் இடம்பெற்றனர். நியமிக்கப்பட்டபோது அதிலே தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இருக்கவில்லை. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையிலே நீதிமன்றக் கட்டளைகளையும் மீறி விகாரைக் கட்டுமானம் தொடர்ந்ததென வழக்காடப்பட்டது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி 2023இல் உயிரச்சுறுத்தலைக் காரணங் காட்டிப் பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார். இவற்றை நாள்தோறும் செய்தித்தாளில் வாசிக்கும் மாணவனை ரிட்டிகலைக்கு அழைத்துச் சென்று, "இங்கே அமைதியாயிரு" என்று சொல்வது எளிதன்று.

உயர்தர வகுப்பிலே மாணவனொருவன் என்னிடம் கேட்டான்: "சேர், நாங்கள் அங்க போனாச் சப்பாத்தைக் கழட்டவேணும் எண்டுறியள். எங்கட கோயிலுகளுக்குள்ள அவை சப்பாத்தோட நிண்டவை தானே?"

இவ்வினாவை அடக்கிவிட முயலும் ஆசிரியன் தன் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவான். அவன் கூறியது உண்மை. வலிகாமம் வடக்கிலே கோயில்கள் பல 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, பூசையின்றி, மக்கள் நுழைய முடியாதவாறு ஆண்டாண்டுகளாகக் கிடந்தன. 1995 யூலையில் நவாலித் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள் விமானக் குண்டுக்கு இரையாயினர். இவை நிகழாதன போல் நடித்துக்கொண்டு காட்டும் பணிவு அடிமையின் பணிவே.

ஆயினும் அம்மாணவனின் வாக்கியத்திலே ஒரு சொல் என்னை நிறுத்தியது. "எங்கட கோயில்." எவருடைய கோயில்? 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே தமிழரைத் தமிழரே தடுத்தனர். உள்ளே வர விரும்பியோர் பாதணியோடு வந்தவர்களல்லர். குளித்து, வெறுங்காலோடு, வணங்குவதற்கென்றே வந்தவர்கள். சாதியின் பெயரால் அவர்களுக்கு வாசல் அடைக்கப்பட்டது. எமது முற்போக்கு இயக்கம் அவ்வாசலிலே நின்று போராடியது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் வரலாறு நமக்குத் தொலைவானதன்று. சாதிக் கொடுமையிலிருந்து விடுபட யாழ்ப்பாணத்திலே பௌத்தத்தை நாடிய மக்களும் இருந்தனர். வாசலிலே நின்று மரியாதையை அளப்போர், அடைக்கப்பட்ட வாசலின் வரலாற்றையும் உடன்வைத்து அளத்தல் வேண்டும் என்றே நான் அவனுக்குச் சொன்னேன். அவன் உடன்பட்டான் என்று கூற மாட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தான்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய மற்றுமொன்றும் இருந்தது, அது கடினமானது. 1985 மே மாதத்தில் அநுராதபுரத்திலே சிறீ மகாபோதிச் சூழலிலும் பஸ் நிலையத்திலும் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1987 யூன் 2ஆம் நாள் அரந்தலாவையிலே பஸ்ஸிற் சென்ற பிக்குகள் கொல்லப்பட்டனர். இறந்த பிக்குகள் 33 பேர், பெரும்பாலோர் சிறுவயதுச் சாமணேரர். தமிழரின் விடுதலை என்ற பெயரிலேயே அவை செய்யப்பட்டன. பட்டியல்களை எதிரெதிரே வைத்துக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு எனக்குத் தெரியாது. காவியுடை கண்டவுடன் துப்பாக்கி நினைவுக்கு வருபவனும் திருநீறு கண்டவுடன் வெடிகுண்டு நினைவுக்கு வருபவனும் ஒரே நோயாளிகள். ஆனால், மரத்தடியிலே தனித்திருக்கும் பிக்குவையும் செயலணியில் அமர்ந்திருக்கும் பிக்குவையும் வேறு பிரித்தறிய மறுத்தால், ரிட்டிகலையின் கந்தையுடுத்தோர் செய்த எதிர்ப்பை நாமே அழித்தவராவோம். அரசு விரும்புவதும் அதனையே: பௌத்தம் என்றாலே அரசு, அரசு என்றாலே பௌத்தம் என நாம் நம்ப வேண்டும் என்பதே அதன் விருப்பம்.

அப்படியாயின் நம்பிக்கையற்றவன் கொடுக்கும் மரியாதை எதற்குரியது? பேராசையைக் குறைத்து வாழ முயலும் மனித முயற்சிக்குரியது என்று நான் கூறுவேன். அம்முயற்சி வெற்றி பெற்றதா என்பது வேறு. ஒரு வேளை உண்டு, உடைமை துறந்து, தன் மனத்தைத் தானே கவனித்துக்கொண்டு ஒருவர் அங்கேயிருக்கின்றார். அதற்கு இடையூறு செய்யாதிருக்க எனக்கு மறுபிறப்பில் நம்பிக்கை தேவையில்லை. நூலகத்திலே குரலைத் தாழ்த்துவதற்கு அங்குள்ள நூல்கள் அனைத்தோடும் உடன்பட வேண்டுமா? அம்மரியாதைக்கு ஒரு நிபந்தனை மாத்திரம் உண்டு. அது சமமானவன் கொடுப்பதாக இருத்தல் வேண்டும். வெளியே வந்தபின் பேசுவதற்கு உரிமை உள்ளவனே உள்ளே மௌனமாயிருக்க முடியும். மற்றவனுடைய மௌனம் வாய்ப்பூட்டு. குருந்தூர்மலையைப் பற்றி எழுதுபவனே ரிட்டிகலையில் வெறுங்காலோடு நடக்கத் தகுதியுடையவன் என்பதும், ரிட்டிகலையை அறிந்தவனே குருந்தூர்மலையைப் பற்றித் தெளிவாக எழுத வல்லவன் என்பதும் என் எண்ணம்.

செல்வோர்க்குச் சில நடைமுறைச் செய்திகளையும் கூறுதல் வேண்டும். இவற்றை அற்பமென்று நான் கருதவில்லை. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்; வெள்ளையானால் நன்று. உணவு கொண்டு செல்வதாயின் முன்னரே அறிவித்து, முறைக்குரிய குடும்பத்தோடு கலந்து, முற்பகலிலேயே சேர்ப்பித்தல் வேண்டும். பிற்பகலிலே சோற்றுப் பொதியோடு போய் நிற்பது கொடையன்று, தொந்தரவு. சக்மன் எனப்படும் நடைப்பாதை தியானத்துக்குரியது. அதிலே நின்று கதைக்கலாகாது. தியானத்திலிருப்பவரைப் படம் பிடித்தலும் சிலைக்கு முதுகு காட்டித் தம்மைத் தாமே படம் பிடித்தலும் ஆகா. பிக்கு அமர்ந்திருக்கும்போது பேச நேர்ந்தால் அவரினுந் தாழ்ந்த இருக்கையில் அமர்வது வழக்கம். இது எனக்கு முதலில் இடறலாகவே இருந்தது. இப்பொழுது, பாயிலே இருந்த கிழவருக்கு முன்னால் கதிரையிலே இருக்க மனம் ஒவ்வாத எம்மூர்ப் பழக்கத்தின் இன்னொரு வடிவமாக அதனை எடுத்துக்கொள்கின்றேன். முற்றத்தைக் கூட்டுபவரிடமும் சட்டி கழுவுபவரிடமும் நான்கு சிங்களச் சொற்களாவது பேசுங்கள். பயணிகள் பெரும்பாலும் அவர்களைக் காண்பதில்லை.

சோழர் படையெடுப்போடு ரிட்டிகல கைவிடப்பட்டதெனக் கூறுவர். 993ஆம் ஆண்டளவில் இராசராசனின் படைகள் அநுராதபுரத்தை அழித்தன என்பது வரலாறு. தமிழ்ப் பெருமை பேசுவோர் இதனைப் பாடுவர். சிங்களப் பெருமை பேசுவோர் இதனையே பாடநூலிலே வைப்பர். இரு சாராரும் கூறாது விடுவது வேறொன்று. நாகபட்டினத்திலே சிறீவிசய மன்னனின் பெயரால் எழுந்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தவனும் அதே இராசராசனே. திருகோணமலைப் பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை சோழராட்சியிலே அழிக்கப்படவில்லை. இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் பெற்றது. நந்தாவிளக்கும் பசுக்களும் கொடுத்த கொடையாளிகளின் செய்திகள் அங்கே தமிழிற் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத் தமிழர் அவ்விடத்தை நாதனார் கோயில் என்றனர். இதனைச் சுட்டி, "ஆகவே இது எமது நிலம்" என்று எழுந்து நிற்பதற்கு நான் யாரையும் அழைக்கவில்லை. கல்வெட்டை உறுதிப்பத்திரமாக மாற்றும் வேலையைச் செய்வோர் நாட்டிலே போதுமானவர்கள் உளர். விளக்கு எரிப்பதற்குப் பசுவைக் கொடுத்த அத்தமிழர் எந்த எண்ணத்தோடு அவ்வாசலிற் குனிந்தனர் என்பதையே நான் அறிய விரும்புகின்றேன்.

அடுத்த தவணை விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவரை முதலில் வெல்கம் விகாரைக்கும், அங்கிருந்து ரிட்டிகலைக்கும் அழைத்துச் செல்வதாகத் தீர்மானித்திருக்கின்றோம். சப்பாத்தைப் பற்றிக் கேட்ட மாணவனும் தன் பெயரைக் கொடுத்திருக்கின்றான். கல்வெட்டின் எழுத்தைப் படிப்பதற்காகச் சோழர்காலத் தமிழ் எழுத்துக்களை இப்பொழுதே எழுதிப் பழகுகின்றான்.